நடையைத் தாண்டும் வேகம்

மருத்துவமனை வராந்தாவின் தரையில் நான்கு கோடுகள் இருந்தன. வெள்ளை பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டியிருந்தார்கள். முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை 14 மீட்டர். உள்ளே இருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே சரியாக 10 மீட்டர். முதல் கோட்டில் என் அம்மா நின்றாள். பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இடக்கையில் நாலுகால் ஊன்றுகோல். வலக்கை மடங்கி மார்போடு ஒட்டிக் கிடந்தது.

பிசியோதெரபி பார்க்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். அம்மாவின் பின்னால், அரை அடி தள்ளி நின்றுகொண்டாள். “ஆச்சி, ஒங்க வழக்கமான வேகத்துல நடங்க. வேகமும் வேண்டாம், ரொம்பப் பையவும் வேண்டாம். அந்தக் கடைசிக் கோடு வரைக்கும் நிக்காம போங்க.”

அம்மா நடந்தாள். முதலில் ஊன்றுகோல், பிறகு வலது கால், பிறகு இடது கால். வலது கால் நேராக முன்னே வரவில்லை. முழங்கால் மடங்க மறுத்ததால் இடுப்பைத் தூக்கி, காலை அரைவட்டமாகச் சுழற்றி வைத்தாள். ஒவ்வொரு முறையும் பெருவிரல் தரையில் சரக்கென்று உரசியது. இரண்டாவது கோட்டில் கால் பட்டதும் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கியது. மூன்றாவது கோட்டில் நின்றது. கடைசிக் கோடு வரை நடக்கச் சொன்னதன் காரணம் பிறகுதான் புரிந்தது. புறப்படும்போது வேகம் ஏறும், நிற்கப்போகும்போது குறையும். அந்த இரண்டு இரண்டு மீட்டரைக் கணக்கில் விட்டுவிட்டால்தான் ஒருவரின் உண்மையான நடை அகப்படும்.

31 நொடி. பத்தை முப்பத்தொன்றால் வகுத்து அந்தப் பெண் தாளில் எழுதினாள்: நொடிக்கு 0.32 மீட்டர்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய அம்மா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். “எம்மா, நான் நடையத் தாண்டி என்னைக்கு வெளிய போவேன்?”

“0.4 வரட்டும் ஆச்சி. தாண்டிரலாம்.”

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் நடை என்றால் வாசல். நிலைப்படியையும் அதை ஒட்டிய இடத்தையும் அப்படித்தான் சொல்வோம். கோயிலில் நடை திறப்பார்கள், நடை சாத்துவார்கள். கால் எடுத்து வைப்பதும் நடை, கால் தாண்டவேண்டிய வாசலும் நடை. அம்மாவின் கேள்வியில் இரண்டும் இருந்தன. அந்தப் பெண்ணின் பதிலிலோ ஓர் எண் இருந்தது. வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு ஒரு வேகம் உண்டு என்று யார் கண்டுபிடித்தார்கள்? எதற்காக அதைத் தேடினார்கள்? அன்று இரவு தொடங்கிய தேடல் என்னைக் கலிபோர்னியாவில் ஒரு பழைய ஏழைகள் விடுதி வரைக்கும் கொண்டுபோனது.

*

மனித நடையை அளக்கும் ஆசை பழையது. 1870களில் பாரிஸில் எத்தியேன் ஜூல் மாரே என்ற உடலியல் அறிஞர் காலணியின் அடியில் காற்றறை வைத்துப் பார்த்தார். கால் தரையை அழுத்தினால் காற்று ரப்பர் குழாய் வழியே தள்ளப்படும். நடப்பவரே கையில் பிடித்திருக்கும் கருவியில் ஓர் ஊசி அசைந்து, சுழலும் தாளில் கோடு கிழிக்கும். எந்தக் கால் எவ்வளவு நேரம் தரையில் இருந்தது என்பது முதல்முறையாகத் தாளில் விழுந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அந்த ஆசை அவசரத் தேவையாக மாறியது. கால் இழந்த வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அவர்களுக்கு நல்ல செயற்கைக் கால் செய்யவேண்டுமானால் நல்ல கால் எப்படி நடக்கிறது என்று தெரிந்தாகவேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவர் வெர்ன் இன்மனும் பொறியாளர் ஹோவர்ட் எபர்ஹார்ட்டும் சேர்ந்து எலும்பு, மூட்டு, தசை என்று ஒவ்வொன்றின் அசைவையும் அளந்தார்கள்.

இவர்கள் யாரும் பக்கவாதக்காரரை நினைத்து அளக்கவில்லை. அவரைப் பற்றிய ஆராய்ச்சி வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தது. 1951இல் தாமஸ் ட்விட்செல் என்ற அமெரிக்க மருத்துவர், ஒரு பக்கம் விழுந்த 121 பேரைத் தொடர்ந்து கவனித்து, செயலிழந்த கைகாலில் அசைவு எந்த வரிசையில் திரும்பி வருகிறது என்று எழுதினார். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன்முறை மருத்துவர் சிக்னே புருன்ஸ்ட்ரோம் அந்த வரிசையைப் படிநிலைகளாக வகுத்தார். 1975இல் ஸ்வீடனின் ஆக்செல் ஃபூகிள்-மேயரும் தோழர்களும் அதற்கு மதிப்பெண் போட்டார்கள். கைக்கு 66, காலுக்கு 34, மொத்தம் 100. இன்றுவரை உலகெங்கும் புழங்கும் நல்ல அளவுகோல் அது.

ஆனால் அந்த அளவுகோல் பார்ப்பது காலின் அசைவை. முழங்கால் மடங்குகிறதா, கணுக்கால் மேலே வருகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடும். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஒருவர் குளியலறைக்குப் போகிறாரா, கடைக்குப் போகிறாரா என்பது அதில் வராது. அம்மா கேட்ட கேள்விக்கு அங்கே கட்டம் இல்லை.

*

லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் 1888இல் டவுனி என்ற ஊரில் ஏழைகளுக்காக ஒரு பண்ணை தொடங்கியது. போக்கிடம் இல்லாதவர்கள் அங்கே தங்கி, முடிந்த வேலையைச் செய்து, மூன்று வேளை சாப்பிட்டார்கள். பிற்பாடு அதற்கு ஸ்பானிய மொழியில் ‘ராஞ்சோ லாஸ் அமிகோஸ்’ என்று பெயர் வைத்தார்கள். நண்பர்களின் பண்ணை என்று பொருள்.

அந்தப் பண்ணையை மருத்துவமனையாக்கியது போலியோ. 1952ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 58,000 பேரை அந்த நோய் தாக்கியது. மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் இரும்பு நுரையீரல் என்னும் உருளைப் பெட்டிக்குள் தலை மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரிய இடங்களில் ஒன்றாக ராஞ்சோ வளர்ந்தது. கிருமி போன பிறகு மிஞ்சிய உடலை வைத்துக்கொண்டு எப்படி வாழ்வது என்பதுதான் அங்கே எல்லோருடைய கேள்வியும்.

1955இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார் ஜாக்குலின் பெரி. 1918இல் பிறந்தவர். போர்க்காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றியவர். பிறகு மருத்துவம் படித்து 1950இல் பட்டம் பெற்று, எலும்பு அறுவை மருத்துவரானார். பெண்கள் அந்தத் துறைக்குள் அரிதாகவே நுழைந்த காலம். அவர் படித்தது சான் பிரான்சிஸ்கோவில், இன்மன் இருந்த அதே பல்கலைக்கழகத்தில்.

இந்த இரட்டைப் பயிற்சியை நான் முக்கியமாக நினைக்கிறேன். அறுவை மருத்துவர் எலும்பையும் தசைநாரையும் பார்ப்பார். பயிற்சி கொடுப்பவரோ நோயாளியின் அக்குளில் தோள் கொடுத்து, ஒரு காலடிக்கும் அடுத்த காலடிக்கும் நடுவே அவர் படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்ப்பார். பெரிக்கு இரண்டு கண்ணும் இருந்தன. போலியோவால் கழுத்துத் தசை செயலிழந்து தலை நிற்காதவர்களுக்காக அவரும் வெர்னான் நிக்கலும் சேர்ந்து ஒரு வளையம் செய்தார்கள். மண்டையோட்டைச் சுற்றித் திருகாணிகளால் பொருத்தும் உலோக வளையம். கழுத்து முறிந்தவர்களுக்கு இன்றும் பயன்படும் ஹேலோ அதிலிருந்து வந்ததுதான்.

அவர் ராஞ்சோவுக்கு வந்த அதே 1955இல், ஏப்ரல் 12 அன்று, சால்க்கின் போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று உலகுக்கு அறிவித்தார்கள். புதிய போலியோ நோயாளிகள் வருவது ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. வார்டுகள் காலியாயின. முடங்கிய உடலோடு இத்தனை காலம் பழகிய கைகளும் கண்களும் அங்கேயே இருந்தன. அவர்களிடம் இப்போது முதுகுத்தண்டு முறிந்தவர்கள், மூளையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரு நோய் ஓய்ந்தபோது விட்டுப்போன அறிவு இன்னொரு நோய்க்காரரை நோக்கித் திரும்பியது. நடை அளவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது.

பெரி அங்கே நடைக்கென்று ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கே முதலில் மாறியது சொல். நடையை விவரிக்கும் புத்தகங்களெல்லாம் ‘குதிகால் தரையில் அடிக்கிறது’ என்று தொடங்கின. நலமாக இருப்பவருக்கு அது சரி. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குக் குதிகால் முதலில் படுவதே இல்லை. சிலருக்கு விரல் நுனி, சிலருக்கு பாதத்தின் வெளி ஓரம், சிலருக்கு முழுப் பாதமும் ஒரே சமயத்தில். அவர்களுடைய நடைக்கும் பொருந்தும்படி ராஞ்சோவினர் அந்தத் தருணத்துக்கு ‘முதல் தொடுகை’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு காலடியை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இடுப்பு, முழங்கால், கணுக்கால், விரல் என்ன செய்யவேண்டும், என்ன செய்யத் தவறுகிறது என்று கண்ணால் பார்த்தே குறிப்பதற்கு இயன்முறை மருத்துவர்களைப் பழக்கினார்கள்.

கண்ணுக்குத் துணையாக ஒரு கருவியும் வந்தது. காலணிக்குள் வைக்கும் மெல்லிய தாள் போன்ற அடியட்டை. குதிகால், சுண்டுவிரலின் அடி, பெருவிரலின் அடி, பெருவிரல் நுனி ஆகிய இடங்களில் அழுத்தம் உணரும் விசைகள். இடுப்பில் ஒரு சிறு பெட்டி. நடக்க நடக்க எந்த இடம் எப்போது தரையைத் தொட்டது, எப்போது விட்டது என்று அது பதிந்துகொள்ளும். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன் மாரே கண்ட காற்றறைக் காலணியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். அதிலிருந்து காலடியின் நீளம், நிமிடத்துக்கு எத்தனை அடி, எந்தக் கால் எவ்வளவு நேரம் தனியாக உடலைத் தாங்குகிறது, எல்லாம் கிடைத்தன. வேகமும் கிடைத்தது.

*

வேகம் இருந்தது. அந்த வேகத்துக்கு என்ன பொருள் என்பது இன்னும் வரவில்லை. அந்தப் பொருள் மூன்று ஊர்களில், மூன்று வகையாக முளைத்தது.

ஒன்று, ராஞ்சோவிலேயே. முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த குழந்தைகளில் யார் நடப்பார்கள், யார் நடக்கமாட்டார்கள் என்று மார்க் ஹாஃபரும் பெரியும் தோழர்களும் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தக் குழந்தைகளை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: நடக்காதவர்கள், பயிற்சிக்காக மட்டும் நடப்பவர்கள், வீட்டுக்குள் நடப்பவர்கள், ஊருக்குள் நடப்பவர்கள். தசையின் பலத்தையோ மூட்டின் கோணத்தையோ வைத்துப் பிரிக்காமல் அந்தப் பிள்ளை எங்கே போகிறது என்பதை வைத்துப் பிரித்தார்கள். வீடு, ஊர் என்ற இரண்டு சொற்கள் மருத்துவ அளவுகோலுக்குள் வந்து உட்கார்ந்தன.

இரண்டு, பாஸ்டனில். 1984இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் மவ்ரீன் ஹோல்டனும் உடன் பணியாற்றியவர்களும் நடையை 0 முதல் 5 வரை வகுத்தார்கள். அவர்கள் அளந்தது அடுத்தவரின் கையை. நடக்க ஒருவர் விடாமல் பிடித்துத் தாங்கவேண்டுமா? அது 1. அவ்வப்போது லேசாகத் தொட்டால் போதுமா? அது 2. தொடவே வேண்டாம், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால், வாயால் சொன்னால் போதுமா? அது 3. சமதரையில் தனியாகப் போகிறாரா? 4. படி, மேடு பள்ளம் எங்கும் தனியாகப் போகிறாரா? 5. கை, தொடல், சொல், பிறகு எதுவும் இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொண்ட எவருக்கும் இந்த வரிசை தன் உள்ளங்கையில் நினைவிருக்கும்.

மூன்று, இங்கிலாந்தின் பிரிஸ்டலில். ஃபிரென்சே மருத்துவமனையில் டெரிக் வேட் என்ற நரம்பியல் மருத்துவரும் தோழர்களும் பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில் நடை எப்படித் திரும்புகிறது என்று ஆராய்ந்து 1987இல் வெளியிட்டார்கள். அவர்களுடைய கருவி 10 மீட்டர் தரையும் ஒரு ஸ்டாப்வாட்சும். விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் தேவையில்லை. தனியாக நடந்தாலும் கோலோடு நடந்தாலும் அளக்கலாம். காலடியின் நீளம், சமநிலை, தசையின் பலம், தன்மேல் உள்ள நம்பிக்கை எல்லாம் சேர்ந்து கடைசியில் அந்த ஓர் எண்ணில் வந்து இறங்கும். எங்கள் மருத்துவமனை வராந்தாவின் பிளாஸ்திரிக் கோடுகளுக்கு முன்னோடி இந்த வழிதான்.

இதே காலத்தில் வேறு சோதனைகளும் வந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் போய்த் திரும்பி வந்து உட்காரும் நேரத்தை அளப்பதை மான்ட்ரியலின் டயான் பொட்சியாட்லோவும் சாண்ட்ரா ரிச்சர்ட்சனும் 1991இல் எழுதினார்கள். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பது அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பரின் 12 நிமிட ஓட்டத்தில் பிறந்தது. எடின்பரோவில் மூச்சுநோய்க்காரர்களுக்காக ஓட்டம் நடையாகி, லண்டனில் 1982இல் 12 நிமிடம் ஆறாகக் குறைந்து, பின்னால் பக்கவாதக்காரர்களிடமும் வந்தது. ஒவ்வொன்றும் நடையின் ஒரு முகத்தைக் காட்டும். எழும் திடம் ஒன்றில், தாக்குப்பிடிக்கும் தெம்பு இன்னொன்றில். வாசலைப் பற்றிய கேள்விக்கு மட்டும் விடை ராஞ்சோவில்தான் காத்திருந்தது.

*

1995இல் பெரியும், கேரட், குரோன்லி, முல்ராய் ஆகிய மூவரும் ‘ஸ்ட்ரோக்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பக்கவாதம் வந்த 147 பேரை அழைத்து, அவர்களிடம் அன்றாடத்தைக் கேட்டார்கள். குளியலறைக்கு எப்படிப் போகிறீர்கள்? படுக்கையறைக்கு? வீட்டுக்கு வெளியே போய் உள்ளே வருவதற்கு யாராவது வேண்டுமா? நடைபாதை விளிம்பில் ஏறுவீர்களா? பக்கத்துக் கடைக்குப் போவீர்களா? கூட்டமில்லாத கடைவீதிக்கு? கூட்டமுள்ள கடைவீதிக்கு? பிறகு தரையில் நடக்கவைத்து வேகம் பார்த்தார்கள்.

ஹாஃபரின் வீடு, ஊர் என்ற பிரிவை ஆறாக விரித்தார்கள். முதல் படியில் இருப்பவர் பயிற்சிக்காக மட்டும் நடப்பார். அவருடைய சராசரி வேகம் நொடிக்கு 0.1 மீட்டர். அடுத்தவர் வீட்டுக்குள் சில வேலைக்கு நடப்பார், சிலவற்றுக்கு ஆள் வேண்டும், 0.23. மூன்றாமவர் வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் நடந்தே போவார், சக்கர நாற்காலி வேண்டாம். ஆனால் படியும் மேடுபள்ளமும் சிரமம். தனியாக வீட்டைவிட்டு வெளியே போய்வர முடியாமலும் இருக்கலாம், 0.27. நான்காமவர் வாசலைத் தாண்டித் தானே வெளியே போவார், உள்ளே வருவார். நடைபாதை விளிம்பில் ஏறி இறங்குவார். வெளி வேலைகளில் ஒன்றையாவது ஆள் துணையின்றி முடிப்பார், 0.4. ஐந்தாமவர் பக்கத்துக் கடைக்கோ கூட்டமில்லாத கடைவீதிக்கோ தனியாகப் போய்வருவார், 0.58. ஆறாமவர் மேடுபள்ளத்திலும் நடப்பார், கூட்டத்துக்குள்ளும் போவார், 0.8.

இந்த ஆறு எண்களையும் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 0.27க்கும் 0.4க்கும் நடுவே இருப்பது ஒரு நிலைப்படி. அதுதான் நடை. வராந்தாவில் அந்தப் பெண் சொன்னது ஆறுதலுக்குச் சொன்ன வார்த்தை அல்ல. 147 பேர் தங்கள் வாசலையும் தெருவையும் பற்றிச் சொன்ன பதில்களிலிருந்து பிறந்த எண் அது.

ஆறு படிகளும் பின்னாளில் மூன்றாகச் சுருங்கி உலகெங்கும் பரவின. 0.4க்குக் கீழே வீட்டுக்குள் நடப்பவர். 0.4 முதல் 0.8 வரை ஊருக்குள் ஓரளவு நடப்பவர். 0.8க்கு மேல் ஊருக்குள் தாராளமாக நடப்பவர். பத்து மீட்டர் கணக்கில் சொன்னால், 25 நொடிக்கு மேல் ஆனால் வீடு, பன்னிரண்டரை நொடிக்குள் வந்தால் ஊர். நலமாக இருப்பவர் அந்தத் தூரத்தை எட்டு நொடி வாக்கில் கடந்துவிடுவார்.

*

ஓர் அளவுகோலின் மதிப்பு அது எதைத் தீர்மானிக்கிறது என்பதில்தான் தெரியும். நடை திரும்புவதற்குக் காலக்கெடு உண்டு என்ற எண்ணம் மருத்துவத்தில் வேரூன்றியிருந்தது. 1995இல் வந்த கோபன்ஹேகன் ஆய்வு 804 நோயாளிகளைப் பார்த்தது. தொடக்கத்தில் பாதிப் பேரால் நடக்கவே முடியவில்லை. மீண்டவர்களில் நூற்றுக்கு 95 பேரின் முன்னேற்றம் 11 வாரத்துக்குள் முடிந்துவிட்டது என்று அது சொன்னது. பிறகு என்ன செய்தாலும் பெரிதாக மாறாது என்று பலர் அதைப் புரிந்துகொண்டார்கள். மற்றொரு பக்கம் புதிய இயந்திரங்கள் வந்தன. நோயாளியைப் பட்டைகளால் கட்டி மேலே தொங்கவிட்டு, உடல் எடையில் ஒரு பங்கைக் குறைத்து, ஓடும் பட்டையின் மேல் நடக்கவைக்கும் இயந்திரம். விலை அதிகம். ஆளும் அதிகம் வேண்டும்.

அமெரிக்காவில் பமீலா டங்கன் தலைமையில் 408 பேரிடம் அந்தப் பயிற்சியைச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டாம் மாதத்தில் இயந்திரப் பயிற்சி. இன்னொரு குழுவுக்கு அதே பயிற்சி ஆறாம் மாதத்தில். மூன்றாம் குழுவுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே போய்ச் சமநிலைக்கும் பலத்துக்கும் பயிற்சி கொடுத்தார். எல்லோருக்கும் ஒன்றரை மணி நேரம் வீதம் 36 முறை. வெற்றி எது என்று முடிவுசெய்ய எடுத்துக்கொண்ட அளவுகோல் ராஞ்சோவின் அந்த இரண்டு எண்கள். ஒருவர் 0.4க்கு மேலோ 0.8க்கு மேலோ ஒரு படி ஏறினாரா?

2011இல் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் மொத்தத்தில் நூற்றுக்கு 52 பேர் ஒரு படி ஏறியிருந்தார்கள். மூன்று குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் செய்த எளிய பயிற்சி இயந்திரத்தோடு சமமாக நின்றது. ஆறு மாதம் தாமதித்துத் தொடங்கியவர்களும் மற்றவர்களை எட்டிப் பிடித்தார்கள். கூடத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரும் பயிற்சி செய்யும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்தச் செய்தி போய்ச் சேரவேண்டும். இயந்திரம் இல்லையே என்று மனம் உடையவேண்டாம். ஆறு மாதம் போய்விட்டதே என்று கைவிடவும் வேண்டாம்.

அதே ஆய்வின் தரவிலிருந்து இன்னொரு எண்ணும் கிடைத்தது. வேகம் நொடிக்கு 0.16 மீட்டர் கூடினால், அந்த மாற்றம் அன்றாட வாழ்வில் உணரக்கூடிய மாற்றம்.

எண்ணின் எல்லையையும் சொல்லவேண்டும். 0.4 என்பது சராசரி. அதற்குக் கீழே இருந்தும் தெருவுக்குப் போகிறவர்கள் உண்டு, மேலே இருந்தும் வாசலிலேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. விழுந்துவிடுவோமோ என்ற பயம், தெருவின் மேடுபள்ளம், கூட வர ஆளில்லாமை, இவை எதையும் ஸ்டாப்வாட்ச் காட்டாது. சாலை கடப்பது இன்னும் கடினம். அமெரிக்காவில் சிக்னல் நேரத்தை நீண்டகாலம் நொடிக்கு 4 அடி, அதாவது 1.2 மீட்டர் என்ற கணக்கில் வைத்தார்கள். பின்னால் அதை மூன்றரை அடியாகக் குறைத்தார்கள். அந்தக் கணக்கிலும் 0.8இல் நடப்பவர் முக்கால் வழி வரும்போது விளக்கு மாறிவிடும். அங்கே மாறவேண்டியது விளக்கின் நேரம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பக்கவாதத்திலிருந்து மீண்டவர்களிடம், வெளியே போய்வருவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வில் கேட்டிருந்தார்கள். நான்கில் மூன்று பங்கினர் மிக முக்கியம் அல்லது இன்றியமையாதது என்றார்கள். உலகின் அந்தக் கோடியிலும் அம்மாவின் கேள்விதான்.

*

அம்மா தினமும் கூடத்தில் நடந்தாள். முதல் மாதம் அவளுடைய இடுப்பில் கட்டிய துண்டை நான் விடாமல் பிடித்திருந்தேன். பாஸ்டன் கணக்கில் அது 1. பிறகு முழங்கையில் இரண்டு விரல் வைத்தால் போதும் என்றானது. திரும்பும் இடத்தில் மட்டும் தொடுவேன். அது 2.

நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே வராந்தா, அதே நான்கு கோடுகள். காலில் இப்போது கணுக்காலைத் தூக்கிப்பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை. விரல் உரசும் சத்தம் இரண்டு இடத்தில்தான் கேட்டது. 21 நொடி. அந்தப் பெண் எழுதினாள்: 0.48. முன்பு 0.32. நான் கழித்துப் பார்த்தேன். 0.16.

“ஆச்சி, நடையத் தாண்டிட்டீங்க,” என்றாள்.

அம்மா தாளைப் பார்க்கவில்லை. மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டு, வீட்டு நடையில் வந்து நின்றாள். தெருக்கோடி அம்மன் கோயிலில் நடை திறக்கும் நேரம். எங்கள் வாசலில் இரண்டு படி. ஊன்றுகோலைக் கீழ்ப்படியில் வைத்தாள், வலது காலை இறக்கினாள், பிறகு இடது கால். என் கை தானாக நீண்டது. அவள் முழங்கைக்கு ஒரு சாண் முன்னால் அதை நிறுத்திக்கொண்டேன்.

“பாத்து, பைய,” என்றேன்.

தெருவில் இறங்கி, அவள் எனக்கு முன்னால் நடந்துபோனாள்.